பிரகாசத்தின் இடது முழங்கால்

சூலூர்,
12-6-1996

தங்கை விமலாராணிக்கு அண்ணன் பிரகாசம் எழுதுவது.

மாதா புண்ணியத்தில் இங்கே எல்லோரும் இருக்கிறோம். நாலு வருஷம் கழித்து இவனுக்கு என்ன திடீர் ஞாபகம் என்று நினைப்பாய். ஞாபகம் எனக்கு வரவில்லை, உன் அண்ணி ஜோவிதாவுக்கு வந்தது. இன்லேண்டு கவரை வாங்கி வந்து, எழுதினால்தான் சோறு என்று பேனாவோடு முன்னால் வைத்துவிட்டாள்.

விஷயம் இதுதான். பொங்கலுக்கு முன்னாலிருந்தே என் இடது முழங்காலில் ஒரு வீக்கம். சிப்பி எலும்புக்கு மேலே கோழி முட்டை அளவுக்கு, தொட்டால் கொளகொளவென்று இருக்கும். வலி கிடையாது. மொசைக் போடுகிறவன் முழங்கால் வீங்குவது ஒன்றும் அதிசயமில்லை. இருபது வருஷமாகத் தரையில் முட்டி போட்டுத்தானே பிழைக்கிறேன். அதனால் கண்டுகொள்ளவில்லை. போன வாரத்துக்கு முந்தின வாரம் கோயமுத்தூர் ராமநாதபுரத்தில் ஒரு வீட்டு ஹாலுக்குத் தரை போடும்போது சலவைக்கல் சில்லு ஒன்று அந்த வீக்கத்திலேயே குத்திவிட்டது. ஒரு பொட்டு ரத்தம். துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். மூன்றாம் நாள் முழங்கால் செக்கச்செவேலென்று ஆகி, தொட்டால் கொதித்தது.

காண்ட்ராக்டர் ரசாக் பாய், “ஏனுங்க பிரகாசம், மொதல்ல டாக்டருகிட்டக் காட்டிப்போட்டு வாங்க” என்றார். நான் பல்லடம் பக்கம் எலும்புக்குக் கட்டுப் போடுகிறவரிடம் போனேன். அவர் உளுந்து மாவையும் முட்டை வெள்ளையையும் குழைத்துப் பூசி, மூங்கில் பட்டை வைத்து இறுக்கிக் கட்டிவிட்டார். ஒன்பது நாளைக்கு அவிழ்க்கக் கூடாதாம். இன்றைக்கு ஐந்தாம் நாள். காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது. கட்டுக்கு மேலே தொடை வரைக்கும் சிவப்பு ஏறியிருக்கிறது. ஒரு வாடையும் வருகிறது. மூட்டுக்குள்ளே சீழ் வைத்தால் காலையே எடுத்துவிடுவார்கள் என்று பக்கத்தில் பேசிக்கொள்கிறார்கள். முட்டி போட முடியாதவனை யார் தரை வேலைக்குக் கூப்பிடுவார்கள்? எனக்கு வேறு என்ன தெரியும்?

நீ நர்ஸ். என்ன மாத்திரை என்று எழுதினால் வாங்கிப் போட்டுக்கொள்வேன். உன்னை வரச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
அ. பிரகாசம்


அந்தியூர்,
14-6-1996

கர்த்தருக்குள் பிரியமான அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் பதினொரு மணிக்கு வந்தது. பதினொன்று ஐந்துக்கு நான் எஸ்.டி.டி. பூத்தில் இருந்தேன். உங்கள் எதிர்வீட்டு சபுரா அக்கா நம்பர் இன்னும் மனப்பாடமாக இருக்கிறது. அவர் உங்களைக் கூப்பிடப் போய்விட்டு வந்து என்ன சொன்னார் தெரியுமா? “உங்கண்ணன் கடுதாசிதானுங்க போட்டாராம். பதிலும் கடுதாசியிலயே வரோணுமாம்.” காய்ச்சலில் கிடக்கும்போதும் வீறாப்புக்குக் குறைச்சலில்லை. “அக்கா, நீங்களே கத்திரிக்கோலை எடுத்துட்டுப் போயி அந்தக் கட்ட வெட்டிப்போடுங்க. கத்துனாருன்னா நாஞ் சொன்னேன்னு சொல்லுங்க. இன்னைக்கே கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போகோணும்” என்று சொல்லிவிட்டு வைத்தேன். வெட்டினாரா, போனீர்களா என்று தெரியாமல் இதை எழுதுகிறேன். கை ஓடவில்லை.

மாத்திரை பெயர் எழுத மாட்டேன். பார்க்காமல் மாத்திரை சொன்னால் நானும் அந்தக் கட்டுக்காரரும் ஒன்றுதான். ஆனால் உங்கள் பயத்துக்குப் பதில் சொல்ல முடியும்.

எலும்பின்மேல் தோல் நேராக உரசுகிற இடங்களில் உடம்புக்குள் சின்னச் சின்னப் பைகள் இருக்கின்றன. பர்ஸா என்பார்கள். உள்ளே பிசுபிசுப்பாக ஒரு துளி நீர் இருக்கும், தோல் வழுக்கிக்கொண்டு போவதற்கு. முழங்கால் சிப்பிக்கும் தோலுக்கும் நடுவில் அப்படி ஒன்று உண்டு. முட்டி போட்டுப் போட்டு அழுத்தினால் அது கோபித்துக்கொண்டு நீரைக் கூட்டிவிடும். அதுதான் உங்கள் பழைய வீக்கம், வலியில்லாதது. அந்தப் பையில் சில்லு குத்தி, தோலில் இருந்த கிருமி உள்ளே போயிருக்கிறது. அதற்குமேல் இறுக்கி ஒரு கட்டு! வெந்நீர்ப் பாத்திரத்தை மூடி வைத்த மாதிரி.

ஒன்று கேளுங்கள். அந்தப் பை மூட்டுக்கு வெளியே இருக்கிறது. மூட்டு வேறு, பை வேறு. பையில் மட்டும் சீழ் என்றால், படுக்க வைத்து மெதுவாகக் காலை அசைத்தால் கொஞ்ச தூரமாவது மடங்கும். மூட்டுக்குள்ளேயே சீழ் என்றால் ஓர் இம்மி அசைத்தாலும் உயிர் போகும். இதை நீங்களே செய்து பார்த்துத் தீர்ப்பு எழுதிக்கொள்ளாதீர்கள். நான் டிரெய்னிங் எடுத்த ஆஸ்பத்திரியில் டாக்டர் கோபாலசாமி இருக்கிறார். விமலாராணி அண்ணன் என்று சொல்லுங்கள். வேறு யாரும் ஊசி குத்தவோ, கீறவோ, நீவவோ விடாதீர்கள். சிவப்பு மேலே ஏறுகிறது, காய்ச்சல் இருக்கிறது என்றால் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது.

என் மேல் இருக்கிற கோபத்தைக் காலில் காட்டாதீர்கள் அண்ணா.

உங்கள் தங்கை,
விமலா


கோயம்புத்தூர்,
24-6-1996

அன்புள்ள விமலாவுக்கு,

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து எழுதுகிறேன். கால் இருக்கிறது. ரெண்டும்.

அன்றைக்கு சபுரா ஒரு கையில் கத்திரிக்கோலும் இன்னொரு கையில் விளக்குமாறுமாக வந்து நின்றாள். விளக்குமாறு எதற்கு என்று கேட்கவில்லை. கட்டை வெட்டினதும் வந்த நாற்றத்தில் ஜோவிதா மூக்கைப் பொத்திக்கொண்டு அழுதாள். பஸ்ஸில் என்னைத் தூக்கி ஏற்றினார்கள்.

உன் டாக்டர் ரொம்பக் குட்டையான மனுஷன். என் குதிகாலை ஒரு கையில் தாங்கி, “தளர்வா உடுங்க, நானே மடக்கறேன்” என்று கொஞ்சம் கொஞ்சமாக மடக்கினார். நீ எழுதினதைத்தான் செய்கிறார் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் உன் கடிதம் அதற்குள் வந்து, ஜோவிதா எனக்குப் படித்துக் காட்டியிருந்தாள். ஆமாம், முதல் நாள் நான் வரவில்லை. சிங்காநல்லூரில் இறங்கி ஒரு மெடிக்கல் ஷாப்பில் காய்ச்சல் மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். உன் கடிதம் வந்த பிறகுதான் வந்தேன். திட்டாதே. டாக்டர் அதற்கும் சேர்த்துத் திட்டிவிட்டார்.

கால் எவ்வளவு தூரம் மடங்குகிறது என்று அவர் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஒரு நிமிஷம் இருக்கிறதே, என் ஆயுசில் அவ்வளவு நீளமான நிமிஷம் கிடையாது. கால் மடங்கியது. வலித்தது, ஆனால் பாதிக்குமேல் மடங்கியது. “மூட்டு நல்லாத்தானுங்க இருக்குது. பைதான் கெட்டுப்போச்சு” என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலியில் என்று நினைத்து நர்ஸ் தட்டிக்கொடுத்தாள்.

ஊசி விட்டு எடுத்தார்கள். மஞ்சளாகக் கஞ்சி மாதிரி வந்தது. கொஞ்சத்தைக் குப்பியில் போட்டு, என்ன கிருமி என்று பார்க்க லேபுக்கு அனுப்பினார்கள். கையில் ஊசி ஏற்றி ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் மருந்து. ரெண்டு நாளில் பை மறுபடியும் ரொம்பிவிட்டது என்று பக்கவாட்டில் சின்னதாகக் கீறி, துணித்திரி வைத்து வடிய விட்டார்கள். லேபில் இருந்து வந்த காகிதத்தைப் பார்த்து மருந்தையும் மாற்றினார்கள். இப்போது காய்ச்சல் இல்லை. இருபது வருஷத்தில் எட்டு நாள் சேர்ந்தாற்போல் மல்லாக்கப் படுத்தது இதுதான் முதல் தடவை. சொல்லப்போனால் நன்றாகத்தான் இருக்கிறது. பக்கத்துக் கட்டில் வேங்கடசாமி ஒரு கதைப் பெட்டி.

ரெண்டு விஷயம் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் வீட்டுக்காரர் ஆல்வின் வியாழக்கிழமை வந்திருந்தார். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வைத்துவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நான் தூங்குகிறவன் மாதிரி படுத்திருந்தேன். உன் கல்யாணத்துக்கே வராதவன் என்ன பேசுவது?

இன்னொன்று. டாக்டர் காலை மடக்கின அந்த நிமிஷத்தில் மாதாவிடம் நேர்ந்துகொண்டேன். மூட்டு தப்பித்தால், செப்டம்பர் எட்டாம் தேதித் திருவிழா அன்று கோயில் வாசல் கேட்டிலிருந்து பீடம் வரைக்கும் முழங்காலிலேயே போகிறேன் என்று. மூட்டு தப்பித்துவிட்டது.

பிரகாசம்

பி.கு: கடிதத் தலையில் “கர்த்தருக்குள்” என்று போடுகிறாய். மாதாவை அதற்குள் மறந்துவிட்டாயா?


அந்தியூர்,
29-6-1996

அன்புள்ள அண்ணாவுக்கு,

(தலையில் ஒன்றும் போடவில்லை. திருப்தியா?)

உங்கள் கடிதத்தை முதலில் படித்து அழுதேன். இரண்டாம் தடவை படித்துச் சிரித்தேன். மூன்றாம் தடவை நேர்த்திக்கடன் இடத்துக்கு வந்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். முழங்கால் பிழைத்ததற்கு நன்றி சொல்ல அந்த முழங்காலையே தேய்ப்பதா? கண் ஆபரேஷன் ஆனவர் கண்ணில் மிளகாய்ப் பொடி போடுவதாக வேண்டிக்கொள்வாரா? இந்த உலகத்தில் வேறு எந்த நோயாளிக்கும் வராத யோசனை உங்களுக்கு மட்டும் எப்படி வந்தது?

சொல்வதைக் கேளுங்கள். ஒரு தடவை கெட்ட பை லேசில் சமாதானம் ஆகாது. மறுபடி அழுத்தினால் மறுபடி வீங்கும். திரும்பத் திரும்ப வந்தால் பையையே அறுத்து எடுக்க வேண்டியிருக்கும். டிஸ்சார்ஜில் கொடுக்கிற மாத்திரையைக் கடைசி மாத்திரை வரை சாப்பிட வேண்டும். புண் ஆறிவிட்டதே, எதற்கு என்று நிறுத்தினால் மிச்சமிருக்கிற கிருமிகள் உங்களை வாழ்த்தும். வேலைக்குப் போனாலும் தரை போடக் கூடாது. ரசாக் பாயிடம் பாலீஷ் மெஷினைக் கேட்டு வாங்குங்கள். அது நின்றுகொண்டே தள்ளுகிற வேலைதானே. கௌரவக் குறைச்சல் என்று நினைக்காதீர்கள்.

நேர்ச்சையை மாற்றித் தரும்படி பங்குச் சாமியாரிடம் கேளுங்கள். அவருக்கு அந்த அதிகாரம் உண்டு. சின்ன வயதில் ஞாயிறு மறைக்கல்வியில் படித்ததைச் சொல்கிறேன், கல்யாணம் செய்து சி.எஸ்.ஐ. சபைக்காரி ஆகிவிட்டதால் சொல்லவில்லை.

இவர் உங்களைப் பார்த்துவிட்டு வந்து, “மச்சான் நல்லாத் தூங்குனாருங்க” என்றுதான் சொன்னார். ரெண்டு நாள் கழித்து, “தூங்கற மனுசனுக்குக் கண்ணு இமை அப்படித் துடிக்காது” என்றார். அவருக்குக் கோபம் இல்லை. எனக்குத்தான் கொஞ்சம்.

விமலா


சூலூர்,
21-7-1996

அன்புள்ள விமலாவுக்கு,

நீ ஜெயித்தாய். முழங்கால் மறுபடியும் வீங்கிவிட்டது.

மாத்திரை எல்லாம் ஒழுங்காக முடித்தேன். புண் காய்ந்துவிட்டது. ரசாக் பாய் மெஷின் வேலை கொடுத்தார், ஒரு மறுப்பும் சொல்லவில்லை. எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் ஒரு மாதம் முட்டி போடாமல் இருந்தவன், திருவிழா அன்று நூற்றைம்பது அடி எப்படிப் போவது என்று ஒரு பயம். பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்று தினமும் காலையில் சமையல்கட்டிலிருந்து வாசப்படி வரைக்கும் முழங்காலில் போய்ப் பார்த்தேன். ஜோவிதா பால் வாங்கப் போகிற நேரத்தில்தான். நாலாம் நாள் அவள் பையை மறந்து திரும்பி வந்துவிட்டாள். அவள் போட்ட கூச்சல் உனக்கே கேட்டிருக்கும்.

டாக்டர் ஊசி விட்டு எடுத்துப் பார்த்தார். இந்தத் தடவை சீழ் இல்லை, வெறும் நீர். லேபிலும் கிருமி இல்லை என்று வந்தது. “தப்பிச்சீங்க. இனி ஆறு மாசத்துக்கு முட்டி போட்டீங்கன்னா பையை அறுத்துத்தான் எடுக்கோணும். அப்பறம் ஆறுறதுக்கு எத்தனை மாசமோ, என்னையக் கேக்காதீங்க” என்றார். பஞ்சு வைத்து மெத்தென்று ஒரு கட்டுப் போட்டு அனுப்பினார்.

பங்குச் சாமியார் பிராங்கிடமும் போனேன். அவர் சிரித்தார். ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை நாற்பது நாளைக்குச் சொல்லு, நேர்ச்சை கழிந்தது என்றார். வேண்டாம் சாமி என்று எழுந்து வந்துவிட்டேன். ஜெபமாலை நான் சும்மாவே சொல்கிறவன். கட்டிலில் கிடந்து நடுங்கினபோது நான் வாக்குக் கொடுத்தது பிராங்க் சாமிக்கு இல்லை. வேறு எதையாவது கொடுத்து ஏமாற்றினால் அடுத்த தடவை எந்த முகத்தோடு கேட்பது? உங்கள் கோயிலில் எல்லாம் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே முடித்துவிடுவீர்கள். உனக்கு இது புரியாது.

எழுதின வேகத்தில் இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். நீ சி.எஸ்.ஐ. மாப்பிள்ளையைக் கட்டிக்கொள்கிறேன் என்ற அன்றைக்கு நான், “முட்டி போட்டு முட்டி போட்டுத்தானே உன்னைய நர்ஸாக்குனேன், இதுக்குத்தானா?” என்று கத்தினேன். நீ, “நானா கேட்டேன்?” என்றாய். அந்த வார்த்தையைத்தான் நாலு வருஷமாகச் சுமந்துகொண்டிருந்தேன். உன் கல்யாணத்துக்கு நான் வரவில்லை என்று ஊரே சொல்கிறது. புது வேட்டி கட்டி, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு சூலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். மூன்று பஸ்ஸை விட்டேன். நாலாவது பஸ் வந்தபோது மணி பன்னிரண்டு. அதற்குள் தாலி கட்டியிருப்பார்கள் என்று திரும்பிவிட்டேன். இது ஜோவிதாவுக்குக்கூடத் தெரியாது.

பிரகாசம்


அந்தியூர்,
12-8-1996

அன்புள்ள அண்ணாவுக்கு,

உடனே பதில் எழுதாததற்குக் கோபம் காரணமில்லை. ஆடித் திருவிழா, மாட்டுச் சந்தை, குதிரைச் சந்தை. மூன்று வாரமாக எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நிற்க இடமில்லை. மாடு முட்டினவர், குதிரை உதைத்தவர், வெயிலில் விழுந்தவர். நேற்றுத்தான் கூட்டம் கலைந்தது.

பஸ் ஸ்டாண்டு விஷயத்தை எப்படிப் படித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அன்று பன்னிரண்டு மணிவரைக்கும் நான் தாலி கட்ட விடவில்லை அண்ணா. எங்கள் சபைப் போதகர் ஐயர் இரண்டு தடவை வந்து கேட்டார். “அண்ணன் வந்துருவாருங்க” என்று நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டே காலுக்குத்தான் கட்டினார்கள். நாலாவது பஸ்ஸில் ஏறியிருந்தால்கூட, தாலி கட்டி முடித்தபின் சாப்பாட்டுக்காவது வந்திருப்பீர்கள்.

“நானா கேட்டேன்” என்று சொன்னது தப்பு. நான் கேட்கவில்லைதான், ஆனால் கேட்காமலே கொடுத்தவரிடம் சொல்கிற வார்த்தையா அது? ஆஸ்பத்திரியில் யாராவது முழங்கால் வலி என்று வந்தால் உங்கள் முகம்தான் எனக்கு வரும். இதை நேரில் சொல்லியிருப்பேன். நீங்கள்தான் போனுக்கே வர மாட்டேன் என்கிறீர்களே.

சந்தைக்கு வந்த ஒரு குதிரைக்காரர் கைப் புண்ணுக்கு மருந்து போட வந்தார். உங்கள் கதையைச் சொன்னேன். “எங்க குதுரைக்கும் இந்தச் சீக்கு வருமுங்க” என்றார். குதிரை காலை மடக்கிப் படுக்கும்போது குளம்பில் அடித்த லாடம் முன்னங்கால் முழங்கையில் அழுத்தி அழுத்தி, அங்கே இதே மாதிரி ஒரு பை வீங்குமாம். அவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? வைக்கோல் அடைத்த துணி வளையத்தைக் குளம்புக்கு மேலே கட்டிவிடுகிறார்கள், படுத்தால் லாடம் படாமல் இருக்க. ஒரு குதிரைக்காக இவ்வளவு யோசிக்கிறார்கள்.

எங்கள் கோயிலில் யாரும் முழங்காலில் நிற்பதில்லை என்று யார் சொன்னது? நற்கருணை வாங்கும்போது முழங்காலில்தான் நிற்கிறோம். உங்கள் வாக்கை நான் கேலி செய்யவில்லை. நீங்கள் வாக்குத் தவறாதவர், அது எனக்குத் தெரியாதா? ஆனால் தாய்க்குப் பிள்ளையின் கால் வேண்டுமா, கால் தேய்வது வேண்டுமா? நடந்து போங்கள். செருப்பில்லாமல் நடந்து போங்கள். எட்டாம் தேதி நான் வர முடியாது. கூட இருக்கிற சிஸ்டர் பிரசவ லீவில் இருக்கிறார், பிரசவ வார்டுக்கு நான் ஒருத்திதான்.

விமலா


சூலூர்,
31-8-1996

அன்புள்ள விமலாவுக்கு,

நேற்றுக் கொடி ஏற்றிவிட்டார்கள். நான் போகத்தான் போகிறேன். நீ எழுதினதை எல்லாம் ரெண்டு தடவை படித்தேன், பன்னிரண்டே கால் என்பதைப் பத்துத் தடவை. அதற்காக இதை விட முடியாது. முழங்கால் இப்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஜோவிதா பேசுவதில்லை. டாக்டரிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

பிரகாசம்


அந்தியூர்,
3-9-1996

அண்ணா,

உங்கள் கார்டைப் படித்துவிட்டுச் சமையல்கட்டில் உட்கார்ந்து அழுதேன். இவர் என்ன என்று கேட்டார். கார்டைக் கையில் கொடுத்தேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்து, பள்ளிக்கூடப் பாட நோட்டை எடுத்து எழுத உட்கார்ந்துவிட்டார். ஆண்பிள்ளைகள் எல்லாம் ஒரே ஜாதி.

வீங்கினால், சிவந்தால், சுட்டால், காய்ச்சல் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.

விமலா


சூலூர்,
9-9-1996

அன்புள்ள அம்மணிக்கு,

இந்தக் கடிதத்தை உன் வீட்டுக்காரர் பார்க்கிற மாதிரி வைக்காதே. உனக்கு எழுத மாட்டேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். ஒரே வருஷத்தில் ரெண்டு வாக்கைக் காப்பாற்ற என்னால் ஆகாது.

நேற்றுக் காலை ஏழு மணிக்குக் கோயில் கேட்டில் நின்றேன். வேட்டியை மடித்துக் கட்டி, கையில் மெழுகுவத்தி. ஜோவிதா ஒரு துண்டை நாலாக மடித்து வைத்துக்கொண்டு, அதையாவது கட்டுங்கள் என்று கெஞ்சினாள். கூட்டம் நல்ல கூட்டம். நான் குனியப் போகும்போது ஒரு கை என் தோளைப் பிடித்தது. திரும்பினால் ஆல்வின். நாலரை மணி பஸ்ஸுக்கு வந்திருக்கிறார். ஷூ, பேன்ட், சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டு, அப்படியே வாத்தியார் வேஷம். உன்னிடம் ஈரோட்டில் ஆசிரியர் கூட்டம் என்று சொல்லியிருப்பார். கூட்டமெல்லாம் ஒன்றும் கிடையாது.

“மச்சான், நீங்க பக்கத்துல நடந்து வாங்க. நான் போறனுங்க” என்றார்.

“உங்க சபையில இதெல்லாம் கெடையாதுங்களே” என்றேன்.

“கெடையாதுங்க. மாதா ஒத்துக்குவாங்களான்னும் எனக்குத் தெரியாது. டாக்டரு ஒத்துக்க மாட்டாரு, அது தெரியுமுங்க.” சொல்லிக்கொண்டே ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு முழங்காலில் இறங்கிவிட்டார்.

பிராங்க் சாமி மேலே படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் போகட்டும் என்று தலையை ஆட்டினார். வீட்டில் ஒருத்தருக்காக இன்னொருத்தர் நேர்ச்சை செலுத்துவது எங்களிடம் உண்டு. வீட்டில் ஒருத்தர்.

நான் மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தேன். அவர் அந்தக் காங்கிரீட் தரையில் ஒவ்வொரு முழங்காலாக எடுத்து வைத்து வந்தார். பழக்கமில்லாத மனுஷன், கட்டை வண்டி மாதிரி ஆடி ஆடி வந்தார். சனம் வழி விட்டது. இவன் யாரு, பிரகாசத்துக்கு என்ன வேணும் என்று முணுமுணுப்பு. பாதி வழியில் வலது முழங்காலில் பேன்ட் கிழிந்தது. போதும் எழுந்திருங்கள் என்றேன். கேட்கவில்லை. ஜெபமாலை சொல்ல அவருக்குத் தெரியாது, அதனால் ஆண்டவர் கற்றுக்கொடுத்த ஜெபத்தையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார். நானும் கூடச் சொன்னேன். ஜெபம் ஒன்றுதான், உங்கள் வார்த்தை வேறு, எங்கள் வார்த்தை வேறு, ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தடுமாற வைத்துக்கொண்டே போனோம். கோயிலுக்குள்ளே நான் போட்ட மொசைக். அங்கே வந்ததும் அவருக்குச் சுலபமாகிவிட்டது, ரெண்டு தடவை வழுக்கியும் போனார். பீடத்துக்கு முன்னால் வந்துவிட்டோம். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான். நான் அழுததை ஜோவிதா ஊரெல்லாம் சொல்லிவிட்டாள், நீயும் தெரிந்துகொள்.

பூசைக்கு அவர் இருந்தார். வீட்டுக்கு வரச் சொன்னேன். சாயங்காலத்துக்குள் அந்தியூர் போகாவிட்டால் விமலா கண்டுபிடித்துவிடுவாள் என்று பயந்து கிளம்பிவிட்டார். பேன்ட் கிழிந்ததற்கு பஸ்ஸில் ஆணி மாட்டியது என்று சொல்லியிருப்பார். நம்பாதே. வலது முழங்காலில் தோல் போயிருக்கிறது. சோப்புத் தண்ணீரில் கழுவு. நாலு நாளைக்கு விடாமல் பார். வீங்குகிறதா, சிவக்கிறதா, சுடுகிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார். உனக்கு நான் சொல்லிக்கொடுக்கிறேன் பார்.

வருகிற ஞாயிறு நானும் ஜோவிதாவும் அங்கே வருகிறோம். வீடு எங்கே என்றுகூட எனக்குத் தெரியாது. பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆல்வின் வாத்தியார் வீடு என்று விசாரித்துக்கொள்கிறோம்.

இன்னும் ஒன்றே ஒன்று. அவரைப் பஸ் ஏற்றிவிடப் போனேன். பஸ் வந்துவிட்டது, அவர் நொண்டிக்கொண்டே முன்னால் போனார். நான் பின்னாலிருந்து, “மாப்பிள்ளை” என்று கூப்பிட்டேன். அவர் திரும்பவே இல்லை. சத்தம் பத்தவில்லையோ என்று இன்னும் பலமாகக் கூப்பிட்டேன். அப்போதும் திரும்பவில்லை. வேறு யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துவிட்டார், கண்ணு. ஓடிப்போய்க் கையைப் பிடித்து, முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியதாகிவிட்டது.

உன் அண்ணன்,
பிரகாசம்